வெள்ள நேரம் எங்களோட நிண்ட ஆக்களுக்கு நன்றி (ஃபோட்டோவில இல்லாதவைக்கும்)

உப்புவெளியான் (இழை தொடங்கினவர்)

வணக்கம், சலாம் எல்லாருக்கும். கனநாளா எழுதோணும் எழுதோணும் எண்டு தள்ளிக்கொண்டு வந்த விசயம். திருகோணமலையில வெள்ளம் வத்திட்டுது, நிவாரணப் பொதி குடுத்து முடிஞ்சுது, கணக்கும் முடிச்சு கோயில் மண்டபச் சுவரில ஒட்டியாச்சு, ஆனா நன்றி மட்டும் சொல்லேல்ல. போன கிழமைக் கூட்டத்தில ஒராள் "பொன்னாடை போர்த்து ஒரு விழா வைப்பம்" எண்டார், சரி யாருக்குப் போர்க்கிறது எண்டு பேர் எழுத வெளிக்கிட்டா கொப்பியில ரெண்டு பக்கம் போயும் முடியேல்ல, பொன்னாடைக் காசுக்கே பத்துப் பதினைஞ்சு குடும்பத்துக்குப் பொதி கட்டலாம் போல கிடந்தது. அதால இஞ்ச எழுதிறன். பேர் போடமாட்டன், போட்டா சிலபேர் கோவிப்பினம், அவையவைக்குத் தங்களை விளங்கும்.

எங்களைத் தெரியாத ஆக்களுக்கு ஒரு வரி: நாங்கள் பெரிய என்.ஜி.ஓ ஒண்டும் இல்ல. 2022 இல எரிவாயு இல்ல பெற்றோல் இல்ல பால்மா இல்ல எண்டு லைன்ல நிண்ட காலத்தில, அந்த செப்டெம்பரில சாப்பாட்டுச் சாமான் விலையேற்றம் 90 வீதத்தையும் தாண்டிப் போச்சு ஞாபகம் இருக்கும், அப்ப ஒரு கிடாரத்தில இலைக்கஞ்சி காய்ச்சி பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் குடுக்கத் தொடங்கின நாலைஞ்சு பேர்தான். கஞ்சி பிறகு மாசப் பொதியாச்சு, 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் வர அதே நாலைஞ்சு பேர் நாப்பது பேராச்சு.

முதல் நன்றி அடுப்படிக்கு. கரண்ட் இல்ல, போன் டவர் இல்ல, விறகு முழுக்க ஈரம். அப்பிடி இருக்கேக்க மாதர் சங்கத்து அக்காமார் விடிய மூண்டு மணிக்கு வந்து, ஒராள் தன்ர வீட்டுப் பழைய கதவையே கொத்திக் கொண்டுவந்து அடுப்பு மூட்டினவ. கதவு நல்ல காய்ஞ்ச பாலை மரம், "வீட்டுக்குள்ள வெள்ளம் போனாப் பிறகு கதவு இருந்தென்ன இல்லாட்டி என்ன" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னா. அவவின்ர வீடும் மூழ்கின வீடுதான் எண்டது எங்களுக்கு மூண்டு நாளைக்குப் பிறகுதான் தெரியும்.

ரெண்டாவது கடைக்காரருக்கு. மெயின் வீதியில மொத்தக்கடை வச்சிருக்கிறவர், பேங்க் பூட்டு ஏ.டி.எம் வேலை செய்யேல்ல எங்கட்டக் காசும் இல்ல, பருப்பும் சீனியும் சோயாமீட்டும் எடுத்துக்கொண்டு போங்கோ எண்டு கொப்பியில கூட எழுதாம விட்டவர். பிறகு நாங்கள் கணக்குப் பார்த்துக் காசு கொண்டுபோனா "நீங்க சொல்லுறதுதான் கணக்கு" எண்டார். அந்தக் கிழமை டவுனில மெழுகுதிரியும் மரக்கறியும் என்ன விலைக்கு வித்தவங்கள் எண்டு தெரிஞ்ச ஆக்களுக்கு இதின்ர பெறுமதி விளங்கும்.

இன்னும் கனக்க இருக்கு, கை நோகுது, பிறகு எழுதிறன். நீங்களும் உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களைப் பற்றி எழுதுங்கோ.

கிண்ணியா_கரை

வஅலைக்கும் ஸலாம் தம்பி. போட்டுக்காரங்கள மறந்திட்டீங்களே, இல்ல பிறகு எழுத வச்சிருக்கீங்களா 😄

நான் கண்ணால கண்டத சொல்றன். மகாவலி வெள்ளம் எப்பிடியெண்டா எங்களுக்கு மழை நிண்டு வெயில் எறிக்கிற நேரம்தான் வரும், கண்டி நுவரெலியாப் பக்கம் பெஞ்ச தண்ணி 335 கிலோமீட்டர் ஓடி கொட்டியாரக்குடாவில விழோணும், ஒரு கிளை வெருகல் பக்கமாப் போவுது. சனம் மழை விட்டுட்டு எண்டு வீட்டைப் போயிட்டாங்க, அதுக்குப் பிறகுதான் தண்ணி. மாவிலாறு அணைக்கட்டும் உடைஞ்சாப் பிறகு மூதூர் சேருவில பக்கம் நெலம் எது ஆறு எது எண்டு தெரியல.

எங்கட கடத்தொழிலாளிப் பொடியன்மாரு ஃபைபர் வள்ளத்த லேண்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) பெட்டியில ஏத்திக்கொண்டு போனாங்க, கடல் போட் வயலுக்குள்ள ஓடின நாள் அது. வயல் வரம்பு தெரியாது, முள்ளுக்கம்பி தெரியாது, எஞ்சின் காத்தாடி ரெண்டு உடைஞ்சி. ஒரு காத்தாடி என்ன விலை எண்டு தெரியுமா, அவன் அண்டைக்குத் தொழிலுக்கும் போகல. காசு தாறம் எண்டு உங்கட ஆக்கள் சொன்ன நேரம் என்ட மச்சான் சொன்ன வார்த்தை, "2021 குறிஞ்சாக்கேணியில பள்ளிக்கூடப் புள்ளைகள் போன படகுப்பாதை கவுந்து நாங்க தண்ணிக்குள்ள குதிச்ச நேரம் யாரும் பில் கேக்கல்ல". அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல. அந்தப் புள்ளைகள நெனச்சா இன்னும் நெஞ்சு அடைக்கும், நவம்பர் எண்டாலே எங்கட ஊருக்குப் பயம்.

அந்தக் காத்தாடிக் காசு பிறகு நீங்க எப்பிடியோ குடுத்திட்டீங்க எண்டு கேள்விப்பட்டன், அதுக்கு எங்கட பக்கத்தால நன்றி.

இன்னொண்டு. கோயில் மண்டபத்துச் சாப்பாடு எல்லாம் மரக்கறிதான் எண்டு முதலே சொல்லி அனுப்பினீங்க பாருங்க, எங்கட முகாமில இருந்த வயசாளிகளுக்கு அதால பெரிய நிம்மதி, கேக்காமலே சாப்பிட்டாங்க. இதெல்லாம் யோசிச்சுச் செஞ்ச ஆள் யாரோ அவருக்கு ஸ்பெசலா ஒரு நன்றி.

உப்புவெளியான்

நானா, யோசிச்சது ஆம்பிளையள் ஒராளும் இல்ல, அதும் அடுப்படியில இருந்து வந்த ஐடியாதான். "ஆருக்குப் போகுதெண்டு தெரியாது, எல்லாரும் தின்னக்கூடியதாச் சமைப்பம்" எண்டு ஒரு ஆச்சி சொல்ல முடிஞ்ச கதை.

லண்டன்_திருமலையான்

எல்லாருக்கும் நன்றி, நல்ல வேலை செய்திருக்கிறீங்கள், நான் குறை சொல்ல வரேல்ல. ஆனா ஒரு விசயம் மனசில கிடக்கு, கேக்கிறன். இஞ்ச நாங்கள் கோயில்ல, ஸ்கூல் பழைய மாணவர் குரூப்பில எல்லாம் காசு சேர்த்துத்தான் அனுப்பினது. நீங்கள் குடுத்த படங்களில சாக்கும் லொறியும்தான் கிடக்கு. வாங்கின சனத்தின்ர படம் ஒண்டும் இல்ல. இஞ்ச குரூப்பில ஆக்கள் கேக்கினம் "உண்மையாக் குடுத்ததோ" எண்டு. சுனாமி நேரம் நாங்கள் அனுப்பின காசு எங்க போனதெண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாத ஆக்கள் இருக்கினம், அந்தச் சூடு கண்ட பூனையள் நாங்கள். கோவிக்காதைங்கோ.

கணக்குக்கொப்பி

கோவிக்கேல்ல அண்ணா, கேக்க வேண்டிய கேள்விதான். நான்தான் பொருளாளர் மாதிரி இருக்கிறன் (மாதிரி எண்டுறது, ஒருத்தரும் ஏலாதெண்டு சொல்ல என்ர தலையில விழுந்த வேலை).

எங்களிட்ட இருக்கிறது: கடை பில் எல்லாம் நம்பர் போட்டு ஸ்கேன் பண்ணி வச்சிருக்கு. ஒவ்வொரு பொதிக்கும் ஜி.எஸ் (கிராம சேவகர்) தந்த லிஸ்டில கையெழுத்து, கையெழுத்து வைக்கத் தெரியாத ஆக்கள் பெருவிரல். லொறி எத்தினை மணிக்கு ஏத்தினது எங்க இறக்கினது எண்டு ட்ரைவர் எழுதின துண்டு. இதை ஆரும் வந்து பார்க்கலாம், உங்கட குரூப்பில ஒராள் ஊருக்கு வரேக்க ஒரு பின்னேரம் வாங்கோ, பிளேன்டீ தருவன், கொப்பியும் தருவன்.

முகம் எடுக்கமாட்டம் எண்டது நாங்கள் சும்மா எடுத்த முடிவில்ல. முதல் மாசம் எடுத்தனாங்கள். 2022 கஞ்சி நேரம். ஒரு பிள்ளை கோப்பையோட நிக்கிற படம், நல்ல வடிவான படம், கனபேர் ஷேர் பண்ணினவை. அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வரேல்ல. வகுப்பில மற்றப் பிள்ளையள் "கஞ்சி" எண்டு பேர் வச்சிட்டுதுகள். தாய் எங்களிட்ட வந்து சண்டை பிடிக்கேல்ல, அதான் எனக்குக் கூட நொந்தது, "பரவாயில்ல தம்பி, நீங்கள் நல்லதுக்குத்தானே போட்டனீங்கள்" எண்டிட்டுப் போனா. படத்தை அழிச்சம், ஆனா பேரை அழிக்க ஏலாதுதானே.

லண்டன்_திருமலையான்

விளங்குது தம்பி. நான் இந்தப் பக்கத்தால யோசிக்கேல்ல. ஆனா எங்கட குரூப்பில இருக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லி விளங்கப்படுத்துறது கஷ்டம், சிலபேருக்கு படம் வேணும், தங்கட பேர் பேனரில இருக்கோணும். அம்மாவின்ர ஆண்டுத் திதிக்கு எண்டு குடுத்தவர் ஒராள், அவருக்கு அம்மாவின்ர பேராவது எங்கயும் வரோணும் எண்டு ஆசை. அது பிழையோ?

பாலையூற்றான்

பிழையில்ல அண்ணை, ஆனா பேனர் அடிக்கிற காசுக்கு நாலு கிலோ அரிசி வரும் எண்டதை அவரிட்டச் சொல்லுங்கோ.

சரி நான் வந்தது வேற விசயத்துக்கு. எல்லாரும் நன்றி நன்றி எண்டு உருகிறீங்கள், எங்கட ஒழுங்கைக்கு ஒரு சாக்குக் கூட வரேல்ல. ரெண்டு நாள் முழங்கால் தண்ணி, மெத்தை ஃப்ரிட்ஜ் எல்லாம் போச்சு. ஆனா மாடி வீட்டுக்காரர் ஒராள் பொதியோட போனதை நான் கண்டனான். ஆருக்குக் குடுக்கிறது எண்டு நீங்கள் எப்பிடித் தீர்மானிக்கிறனீங்கள்? தெரிஞ்ச முகமெண்டாத்தானோ?

உப்புவெளியான்

தம்பி உங்கட ஒழுங்கை எதெண்டு இன்பொக்ஸில சொல்லுங்கோ.

ஒளிக்காம சொல்லுறன், உங்கட பக்கம் எங்களுக்கு விடுபட்டதுதான். என்ன நடந்ததெண்டா முதல் ரெண்டு நாளும் போன் இல்ல, ஆர் எங்க இருக்கினம் எண்டு ஆள் போய்ப் பார்த்துத்தான் தெரியோணும், எங்களிட்ட இருந்தது ரெண்டு மோட்டச்சைக்கிள், அதில ஒண்டு தண்ணி ஏறி நிண்டு போச்சு. முகாமுக்கு வந்த ஆக்களின்ர பேர்தான் லிஸ்டில வந்தது. வீட்டிலயே கட்டிலுக்கு மேல கட்டில் போட்டு இருந்த ஆக்கள், சொந்தக்காரர் வீட்டை போன ஆக்கள் லிஸ்டில இல்ல. இது எங்கட பிழை, ஜி.எஸ்மாரின்ர பிழையில்ல, அவையும் அந்த நேரம் செருப்பில்லாமத்தான் திரிஞ்சவை.

மாடி வீட்டுக்காரர் கதை எனக்கும் தெரியும். அவர் தனக்கு எடுக்கேல்ல. பின் வளவில வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு, அந்த மனுசிக்கு வெளிய வர வெக்கம், பிள்ளைத்தாச்சி வேற. இவர் தன்ர தலையில சுமந்துகொண்டு போனவர். இதை முதலே எழுதியிருக்கலாம், அவர் எழுதவேண்டாம் எண்டவர், இப்ப நீங்கள் கேட்டதால எழுதவேண்டியதாப் போச்சு.

பாலையூற்றான்

ம். அப்ப அந்தாளைப் பற்றி நாலு பேரிட்டப் பிழையாச் சொல்லிப்போட்டன். சரி. போய்ச் சொல்லுறன்.

லிஸ்ட் விசயம் நான் சொன்னது சொன்னதுதான்.

நிலாவெளி_டீச்சர்

பிள்ளையள், வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். நான் பென்சன் எடுத்த ஆள், தட்டச்சு மெதுவாத்தான் வரும்.

2004 டிசம்பர் 26 எங்கட கரையில நிண்ட ஆக்களுக்கு நன்றி எண்ட சொல்லுக்கு வேற ஒரு நிறம் இருக்கு. அண்டைக்கு முதல் வந்து பிணம் தூக்கினது ஆர்? பக்கத்து ஊர்ச் சனம். நிறுவனங்கள் வந்தது பிறகு. வந்ததுகள் எல்லாம் கெட்டதெண்டு சொல்லேல்ல, வீடு கட்டித் தந்தவை, வள்ளம் தந்தவை. ஆனா உடுப்பு! லொறி லொறியா வந்து எங்கட பள்ளிக்கூட வளவில கொட்டினவை, குளிர்நாட்டுக் கோட்டு, உயரக் குதி வச்ச சப்பாத்து, ஒரு கால் மட்டும். மழையில நனைஞ்சு நாறி, அதை எரிக்க எங்களுக்கு ஒரு கிழமை போனது. தண்ணி கேட்ட சனத்துக்குக் கோட்டு.

இந்தமுறை உங்கட பிள்ளையள் கேட்டுக் கேட்டுக் குடுத்ததைக் கண்டனான். ஒரு பெட்டை, கம்பஸ் பிள்ளையாக்கும், கொப்பியும் பேனையுமா ஒவ்வொரு முகாமா வந்து பொம்பிளையளைத் தனியக் கூப்பிட்டு என்ன தேவை எண்டு கேட்டவள். பாட், உள்ளுடுப்பு, பிரஷர் குளிசை, குழந்தைப் பால்மா எந்த நம்பர், ஒரு கிழவிக்கு மூக்குக்கண்ணாடி. அதை ஆம்பிளையள் கேட்டா ஆரும் சொல்லாயினம். அந்தப் பிள்ளைக்கு என்ர நன்றி. இருவது வருசத்தில நாங்கள் ஒண்டும் படிக்கேல்ல எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

கணக்குக்கொப்பி

டீச்சர், அந்தப் பிள்ளை இதை வாசிச்சிட்டு எனக்கு மெசேஜ் போட்டு அழுகிறாள். கண்ணாடி எடுக்கக் காசு லிஸ்டில இல்லாததால தன்ர போன் ரீலோட் காசைப் போட்டவள், அதுக்குப் பில்லும் தரேல்ல, அதால கணக்கில ஒரு ஓட்டை இருக்கு, லண்டன் அண்ணா மன்னிக்கோணும் 😅

லண்டன்_திருமலையான்

அந்த ஓட்டை அப்பிடியே இருக்கட்டும்.

டச்பே_காத்து

சீரியசாப் போகுது, நான் ஒரு நன்றி மறுப்பு போடுறன். மான்களுக்கு நன்றி இல்லை.

தெரியாத வெளியூர் ஆக்களுக்கு: திருகோணமலை டவுனில புள்ளிமான் மாடு மாதிரித் திரியும், கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போற வழி முழுக்க அதுகள்தான், பஸ் ஸ்டாண்ட் பக்கமும் வரும். தம்புள்ளையில இருந்து ஒரு புண்ணியவான் ஒரு பட்டா லொறி நிறையக் கோவா (முட்டைக்கோஸ்) அனுப்பினவர், சிங்கள ஆள், எங்களில ஒருத்தரையும் தெரியாது, யாரோ சொன்ன போன் நம்பருக்கு எடுத்திட்டு அனுப்பிட்டார். இரவு இறக்கி வச்சிட்டு ரெண்டு பெடியளைக் காவல் போட்டம். பெடியள் நித்திரை. விடியப் பார்த்தா பதினைஞ்சு மான் வரிசையா நிண்டு பொதி எடுக்குது, லிஸ்டும் இல்ல கையெழுத்தும் இல்ல.

அதில ஒண்டு சாப்பாடு சுத்துற லஞ்ச் ஷீட்டையும் சேர்த்துத் திண்டது, அது பகிடி இல்ல, பொலித்தீன் திண்டு டவுனில மான் சாகிறது. அதுக்குப் பிறகு சாப்பாட்டுப் பார்சல் குடுத்த இடமெல்லாம் ஸ்கவுட் பெடியள் சாக்கோட பின்னால போய் லஞ்ச் ஷீட் பொறுக்கினவை. சமைச்ச ஆக்களை ஞாபகம் வச்சிருப்பினம், குப்பை பொறுக்கின பன்னிரண்டு வயசுப் பெடியளை ஆரும் ஞாபகம் வச்சிருக்கமாட்டினம், அதால அவங்களுக்கு நான் எழுதிறன். ஒருத்தன் சாக்கு ரெண்டு நிரப்பிட்டு வந்து "அங்கிள் பிஸ்கட் இருக்கா" எண்டான். அவ்வளவுதான் கேட்டது.

வெருகலாள்

நான் இஞ்ச முதல்தரம் எழுதிறன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கோணும். மகளின்ர போன்ல எழுதிறன்.

எங்களுக்குப் பொதி வந்தது நாலாம் நாள். அதுக்கு முதல் நாங்கள் கோயில் மடத்தில இருந்தம். ஒரு இடத்தால ஆக்கள் வந்தவை, உங்கட ஆக்கள் இல்லை, வந்து எங்களை வரிசையா நிக்கச் சொல்லி பொதியைக் கையில தந்து திருப்பி வாங்கி இன்னொருக்காத் தந்து படம் எடுத்தவை. நான் நிண்டன். பிள்ளையள் பசியோட இருக்கேக்க என்ன செய்யிறது. ஆனா அண்டைக்கு இரவு அந்தப் பருப்பை அவிக்கேக்க எனக்கு விழுங்க ஏலாமக் கிடந்தது.

உங்கட பொடியள் இரவில வந்தவை. லொறி லைட்டை நிப்பாட்டிப்போட்டு மடத்து வாசலில இறக்கி, "அக்கா நீங்களே பிரிச்சுக் குடுங்கோ, ஆருக்கு எவ்வளவு தேவையெண்டு உங்களுக்குத்தானே தெரியும்" எண்டு என்னட்டப் பேனையைத் தந்திட்டினம். நானும் இன்னும் ரெண்டு பேரும் பிரிச்சம். ஒருத்தரும் கூட எடுக்கேல்ல. ஒரு வீட்டுக்காரர் தங்களுக்கு அரிசி இருக்கு எண்டு திருப்பித் தந்தவர்.

விதைச்ச பெரும்போகம் எல்லாம் அழிஞ்சு போச்சு. ரெண்டாம் தரம் விதைச்சம். வயலுக்க இறங்க முதல் எலிக்காய்ச்சல் குளிசை போடச் சொல்லி பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வீடு வீடா வந்தவர், அந்த சகதிக்க சைக்கிளைத் தோளில காவிக்கொண்டு. அவருக்கும் நன்றி சொல்லோணும், சம்பளத்துக்குத்தானே செய்யிறார் எண்டு சிலபேர் சொல்லுவினம். சைக்கிள் காவச் சம்பளம் குடுக்கிறேல்ல.

இப்ப நானும் எங்கட பக்கத்தில உங்கட லிஸ்ட் எழுதிறன். முகாமுக்கு வராத வீடுகளையும் போய்க் கேட்டு எழுதிறன். மேல ஒரு தம்பி கோவிச்சிருக்கிறார், அவர் சொன்னது சரி.

பாலையூற்றான்

அக்கா, கோவம் போட்டுது. எங்கட ஒழுங்கையில நான் எழுதித் தாறன், கொப்பி எப்பிடிப் போடுறதெண்டு காட்டுங்கோ.

கிண்ணியா_கரை

ராத்தா நீங்க எழுதினத எங்கட வீட்ட வாசிச்சிக் காட்டினன். உம்மா சொன்னா, வெருகலுக்குப் போற நேரம் தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி. பாலம் வர முன்னம், அதான் 2009 க்கு முன்னம், கிண்ணியாவால டவுனுக்குப் போறதெண்டாலே பாதையில (மிதவைப் படகில) ஏறித்தான் போகோணும், வெருகல் எண்டா அவக்கு வெளிநாடு மாதிரி 😄 இப்ப மூணு பஸ் மாறினாச் சரி.

உப்புவெளியான்

அக்கா நீங்க எழுதினதுக்குப் பிறகு நான் மிச்ச நன்றி லிஸ்டை எழுதப் போறதில்ல, என்னட்ட அதுக்கு மேல வார்த்தை இல்ல. அரிசி மில்காரர், ஐஸ் பெட்டி தந்த மீன் வாடிக்காரர், பள்ளிவாசல் ஜெனரேட்டர், சேர்ச் மண்டபம், எல்லாரும் இதையே தங்களுக்கும் எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ.

ஒரு வேலை இருக்கு. வெருகல் ஈச்சிலம்பற்றுப் பக்கம் கிணறுகள் இன்னும் நாறுது, ஒருக்கா இறைச்சது காணாது. வாற சனி போறம். குளோரின் பி.எச்.ஐ தாறார். தண்ணிப் பம்ப் ஒண்டுதான் இருக்கு, இன்னும் ரெண்டு வேணும்.

நிலாவெளி_டீச்சர்

கடல் கிட்ட இருக்கிற கிணறுகளை ஒரேயடியா அடி காண இறைச்சுப் போடாதைங்கோ. சுனாமிக்குப் பிறகு எங்கட பக்கம் அப்பிடித்தான் பம்ப் போட்டு இறைச்சு இறைச்சு, கீழால உப்புத்தண்ணி ஏறி, நல்லா வரவேண்டிய கிணறும் கெட்டுப் போனது. கொஞ்சம் இறையுங்கோ, ஊற விடுங்கோ, பிறகு இறையுங்கோ. அவசரப்படுற பெடியளை இந்த வேலைக்கு விடாதைங்கோ.

டச்பே_காத்து

என்னட்ட ரெண்டு இஞ்சிப் பம்ப் ஒண்டு கிடக்கு, ஸ்டார்ட் ஆக ஒருக்காக் கெஞ்சோணும். பெற்றோல் நீங்க போடுங்கோ.

பாலையூற்றான்

மாடி வீட்டு அண்ணரிட்டயும் பம்ப் இருக்கு. கேட்டிட்டன், தாறாராம். தானும் வாறாராம்.

கணக்குக்கொப்பி

அப்ப மூண்டு. சனி விடிய அஞ்சரைக்கு உப்புவெளிச் சந்தி. சாப்பாடு கட்டி வாறம், லஞ்ச் ஷீட் இல்ல, வாழையிலை. பெற்றோல் பில்லை ஆரும் துலைச்சுப் போடாதைங்கோ.